ரிசர்வ் கம்பெனியின் ஆண்டுப் பயிற்சி: முதலில் வெட்டுங்கள், அப்புறம் கட்டம் போடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு ரிசர்வ் காலாட்படை கம்பெனியில் பயிற்சி அதிகாரி. வார நாட்களில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. கம்பெனியில் 110 பேர். மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு, ஆண்டுக்கு ஒரு தடவை 15 நாள் முகாம், கிடைப்பது இவ்வளவுதான். மேலிடத்திலிருந்து வந்த கட்டாயப் பயிற்சிப் பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள். புதிதாக வந்த கமாண்டர், இந்த ஆண்டு முகாமில் மொத்தக் கம்பெனியும் சேர்ந்து நிஜத் தோட்டாவோடு இரவுத் தாக்குதல் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்கிறார். செக்ஷன் (கம்பெனிக்குள் இருக்கும் சிறு குழு) கமாண்டர்களில் பாதிப் பேர் புதியவர்கள். வார இறுதிக்கு எழுபது பேர் வந்தாலே அதிகம். எக்ஸெலில் எப்படி மாற்றிப் போட்டாலும் இடம் பத்தவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வணக்கம். கொஞ்ச நாளைக்கு அந்த எக்ஸெலை மூடி வையுங்கள். முப்பது தலைப்பு, கமாண்டரின் இரவுத் தாக்குதல், வருகிற எழுபது பேர் மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டு கட்டம் போட உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த மூன்றும் ஒரே ஆண்டுக்குள் அடங்காது. ஏதாவது ஒன்று குறைய வேண்டும், எது குறையும் என்று முடிவாகாதவரை நீங்கள் எந்த மென்பொருளில் போட்டாலும் இதே கதைதான்.

முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று மணிக்கணக்கில் பாருங்கள், நாள் கணக்கு ஏமாற்றும். உங்களுடையது அமெரிக்க நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படை மாதிரியான அமைப்பு. அங்கே 1903-ல் வந்த சட்டம் ஆண்டுக்கு 24 டிரில்லும் (பயிற்சி அமர்வு) 5 நாள் முகாமும் கேட்டது, 1916-ல் அது 48 டிரில், 15 நாள் என்று உயர்ந்தது, அடிப்படை அளவு இன்றும் அதுதான். டிரில் ஒன்றுக்குக் குறைந்தது 4 மணி நேரம், ஒரு வார இறுதிக்கு நான்கு டிரில், ஆக 12 வார இறுதிகள். இரவுப் பார்வைக் கருவியும் டிரோனும் கணினிப் பாதுகாப்பு வகுப்பும் இல்லாத காலத்தில் போட்ட அளவு அது என்பதை மறக்க வேண்டாம். 12 வார இறுதி, தலா 16 மணி, மொத்தம் 192 மணி நேரம். கேட்க நிறைய மாதிரி இருக்கிறது இல்லையா? இப்போது அதிலிருந்து ரோல் கால், ஆயுதம் வாங்க வரிசை, வண்டிக்குக் காத்திருப்பது, சுடும் தளத்துக்குப் போய்வருவது, சாப்பாடு, துப்பாக்கி துடைப்பது, திருப்பிக் கொடுக்க மறுபடி வரிசை, மருத்துவப் பரிசோதனை, சம்பளப் படிவம் எல்லாவற்றையும் கழியுங்கள். உங்கள் கம்பெனிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே அளந்து பாருங்கள். அடுத்த வார இறுதியில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரே ஒரு செக்ஷனைப் பின்தொடர்ந்து, அரை மணிக்கு ஒரு தடவை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருந்தார்கள் என்றே எழுத வேண்டும். அந்த நோட்டைக் கமாண்டரிடம் காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம்.

ஆயுத அறை வரிசை மட்டுமே பெரிய தின்னி. மூன்று பிளாட்டூனையும் (சில செக்ஷன்கள் சேர்ந்த அணி) ஒரே நேரத்தில் அங்கே அனுப்பாதீர்கள். ஒன்று ஆயுதம் வாங்கும்போது ஒன்று மருத்துவப் பரிசோதனையில் இருக்கட்டும், மூன்றாவது முதலுதவியோ வயர்லெஸ்ஸோ செய்துகொண்டிருக்கட்டும். அந்த இடைவேளைகளில் செய்வதற்கு ஒவ்வொரு செக்ஷன் கமாண்டர் சட்டைப்பையிலும் இருபது நிமிடப் பாடம் ஒன்று தயாராக இருக்க வேண்டும். இதற்கு எவரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, தோட்டாவும் செலவாகாது.

சரி, கட்டாயப் பட்டியலுக்கு வருவோம். இந்தத் தலைவலி உங்களுக்கு மட்டும் இல்லை, முழுநேரப் படைகளுக்கே உண்டு. அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கம்பெனி கமாண்டருக்கு ஆண்டில் கிடைக்கும் பயிற்சி நாட்கள் 256, மேலிருந்து வரும் கட்டாயப் பயிற்சிகளுக்குத் தேவையான நாட்கள் 297 என்று கணக்குப் போட்டுக் காட்டியது. வாரம் முழுக்கப் படைமுகாமிலேயே இருப்பவர்கள் கதி அது. உங்களுக்கு இருப்பது 39 நாள். ஆக, முழுப் பட்டியலையும் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டதாகச் சொல்கிற ரிசர்வ் கம்பெனி எதையாவது வாசலில் நின்று கையெழுத்து வாங்கி முடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்துக்கு மட்டும் போகாதீர்கள். பொய்யாக டிக் போட்ட பாடத்தை அடுத்த ஆண்டு திட்டம் போடுபவர் தெரிந்த பாடம் என்று நம்பி அதன் மேல் கட்டுவார், முதலுதவியிலும் ஆயுதப் பாதுகாப்பிலும் அப்படி நம்புவது ஆளையே கொல்லும்.

பட்டியலை எடுத்துக்கொண்டு கமாண்டர், சீனியர் என்.சி.ஓ. (சார்ஜென்ட் மாதிரி, அதிகாரிக்குக் கீழே ஆட்களை நடத்துபவர்), நீங்கள் மூவரும் ஒரு மாலை உட்காருங்கள். சட்டப்படி செய்தே ஆக வேண்டியது, செய்யாவிட்டால் எவராவது காயப்படக்கூடியது, மற்றவை என்று பிரியுங்கள். சட்டப்படியானவற்றில் நிறைய வகுப்புகளை வீட்டிலிருந்தே கணினியில் முடிக்க முடியும், ஆனால் அதற்கும் ஊதியம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆட்களின் இரவு நேரத்தைத் திருடுகிறீர்கள். இரண்டாவது வகையைத் தனி வகுப்பாக வைக்காமல் களப் பயிற்சிக்குள் நுழைத்துவிடுங்கள். தாக்குதல் ஒத்திகையின் நடுவில் ஒருவரைக் காயப்பட்டவராகப் படுக்க வைத்தால் முதலுதவி, ஆளைத் தூக்குவது, வயர்லெஸ்ஸில் உதவி கேட்பது என்று மூன்று தலைப்பு ஒரே நேரத்தில் முடியும், வகுப்பறையில் சிலைடு பார்ப்பதைவிட மனதிலும் நிற்கும். மூன்றாவது வகையில் இந்த ஆண்டு செய்யப் போவதில்லை என்பவற்றை எழுதி, கமாண்டர் பெயரில் உங்களுக்கு மேலே இருக்கும் பட்டாலியனுக்கு அனுப்புங்கள். வெட்டும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, அவருக்கும் முழுதாகக் கிடையாது. அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். மேலே இருப்பவர் "முடியாது, இதையும் செய்" என்று சொன்னால் அப்போது எதை விடலாம் என்று அவரே சொல்லட்டும்.

இப்போது அந்த இரவுத் தாக்குதல். நேரடியாகச் சொல்கிறேன், இந்த ஆண்டு வேண்டாம். கமாண்டருக்கு ஆசை இருப்பதில் தப்பில்லை, கம்பெனி ஒன்றாக இயங்குவதைப் பார்க்கத்தான் எந்தக் கமாண்டரும் வருகிறார். ஆனால் நிஜத் தோட்டாப் பயிற்சிக்குப் படிகள் உண்டு, எந்த நல்ல படையிலும் அதைத் தாண்டிக் குதிக்க விட மாட்டார்கள்: தோட்டா இல்லாமல், பிறகு சத்தம் மட்டும் வரும் வெற்றுத் தோட்டாவோடு, பிறகு நிஜத் தோட்டாவோடு, பகலில் செய்து காட்டியபின் இரவில், தனி ஆள், ஜோடி, செக்ஷன், பிளாட்டூன், அதன்பின்தான் கம்பெனி. முந்தைய படியைச் செய்யாதவர் அடுத்த படிக்குப் போக முடியாது. உங்கள் வருகைக் கணக்கை இதன் மேல் வைத்துப் பாருங்கள். 110-ல் 70 பேர் வருகிறார்கள், யார் வருவது என்பது ஒவ்வொரு மாதமும் தற்செயல் என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த இரண்டு வார இறுதிக்கும் வந்தவர்கள் சுமார் 45 பேர், மூன்றுக்கும் வந்தவர்கள் முப்பதுக்கும் கீழே. தவறாமல் வருகிற ஒரு கூட்டம் எங்கும் இருப்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடும், இருந்தாலும் ஒரே செக்ஷனில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பேர் மூன்று படியையும் ஒன்றாகச் செய்திருப்பார்கள் என்று உங்களால் உறுதி கொடுக்க முடியுமா? இருட்டில், நிஜத் தோட்டாவோடு, புது செக்ஷன் கமாண்டரின் கீழ்?

கமாண்டர் வரலாறு படிப்பவராக இருந்தால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில நேஷனல் கார்டின் 48-வது காலாட்படை பிரிகேடைப் பற்றிச் சொல்லுங்கள். போர் வந்தால் முழுநேரப் படையின் 24-வது டிவிஷனோடு சேர்ந்து போக வேண்டிய ரிசர்வ் பிரிகேட் அது. 1990 ஆகஸ்டில் வளைகுடாப் போர் நெருக்கடியில் டிவிஷன் சவூதிக்குக் கிளம்பியபோது பிரிகேடை அழைக்கவில்லை, நவம்பர் 30 அன்றுதான் பணிக்கு அழைத்தார்கள், அதன்பின் கலிபோர்னியப் பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வினில் நீண்ட பயிற்சி. போருக்குத் தயார் என்று சான்று கிடைத்த நாள் 1991 பிப்ரவரி 28, போர்நிறுத்தம் வந்த அதே நாள். ஏன் முன்பே அழைக்கவில்லை என்பதில் அரசியலும் சட்டமும் கலந்த சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை, அதற்குள் நாம் போக வேண்டாம். ஆனால் அமைதிக் காலப் பயிற்சியைப் பற்றி அந்த ஆண்டு வந்த அரசுத் தணிக்கை அறிக்கை, வீரர்கள் தங்கள் சொந்த வேலையிலும் என்.சி.ஓ.க்கள் தலைமை தாங்குவதிலும் போதிய பயிற்சி பெறவில்லை என்று சொன்னது. அதையொட்டி வந்த போல்ட் ஷிஃப்ட் என்ற திட்டம், ரிசர்வ் சண்டைப் பிரிவுகளின் இலக்கைக் கீழே இறக்கியது: பெரிய அணிகளின் ஒத்திகையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், தனி ஆள், குழு, செக்ஷன், பிளாட்டூன் அளவில் உறுதியாக இருங்கள் என்று. உங்கள் கம்பெனிக்கும் என் ஆலோசனை அதுதான். இந்த ஆண்டு இலக்கு, மூன்று பிளாட்டூனும் பகலில் நிஜத் தோட்டாவோடும் இரவில் வெற்றுத் தோட்டாவோடும் தாக்குதலை ஒழுங்காகச் செய்வது. அடுத்த ஆண்டு கமாண்டர் கேட்டதைப் பற்றிப் பேசலாம்.

இலக்கு முடிவானபின் முகாமின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 15 நாளில் போகவர, ஆயுதம் துடைக்க, ஸ்டோர் சாமான் ஒப்படைக்க என்று குறைந்தது மூன்று நாள் போய்விடும். மிச்சத்தில் ஒரு முழு நாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். மறுபயிற்சிக்கான நாள் அது, ஏதாவது ஒரு பிளாட்டூன் ஏதாவது ஒன்றில் தோற்கும், தோற்றதைத் திரும்பச் செய்ய நாள் இல்லாவிட்டால் தோல்வியையே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இந்த வெற்று நாளைப் பார்த்ததும் எவராவது ஒரு வகுப்பை அதில் போடக் கேட்பார், கொடுக்காதீர்கள்.

எந்த மாதம் எதை வைப்பது என்பதில் மறதியைக் கணக்கில் எடுங்கள். வண்டி ஓட்டுவது மாதிரி தொடர்ச்சியான திறமைகள் நீண்ட நாள் நிற்கும். பல படிகள் கொண்ட, ஒரு படி அடுத்த படியை ஞாபகப்படுத்தாத வேலைகள்தான் சீக்கிரம் போய்விடும்: வயர்லெஸ் செட்டை அலைவரிசைக்குக் கொண்டுவருவது, இயந்திரத் துப்பாக்கி அடைத்துக்கொண்டால் எடுப்பது, காயக் கட்டு. மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முதலுதவி (சி.பி.ஆர்.) கற்றவர்களிடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திறமை சரிவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆண்டின் முதல் மாதம் ஆறு மணி நேர வயர்லெஸ் வகுப்பு வைத்துவிட்டு, முகாமில் எவருக்கும் தெரியவில்லை என்று திட்டிப் பயனில்லை. அதே ஆறு மணி நேரத்தைத் துண்டு போட்டு ஒவ்வொரு மாதமும் அரை மணி கொடுங்கள். ஆயுத அறை வரிசை நேரத்துப் பாடம் என்று சொன்னேனே, அதற்கு இவைதான் சரியான சரக்கு.

செக்ஷன் கமாண்டர்கள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பாதிப் பேர் புதியவர்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே, மற்ற எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு அங்கேதான் முதல் பணத்தையும் முதல் நாட்களையும் போட வேண்டும் என்று தோன்றியது. சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கொரு முறை மூன்று வாரப் பயிற்சிக்குப் படைப்பிரிவு கூடும்போது, அதிகாரிகளும் என்.சி.ஓ.க்களும் தங்கள் ஆட்களுக்குச் சில நாள் முன்பே வந்துவிடுவார்கள், அவர்களுக்குத் தனியாக முன்பயிற்சி உண்டு. ஆட்கள் வந்து இறங்கும்போது சொல்லிக்கொடுக்க வேண்டியதை இவர்கள் ஒருமுறை செய்து பார்த்திருப்பார்கள். உங்களால் சில நாள் முடியாது, ஆனால் பயிற்சி ஆண்டின் முதல் வார இறுதியைத் தலைவர்களுக்கு மட்டும் ஒதுக்க முடியும். கம்பெனியின் மற்றவர்களுக்கு அந்த மாதம் மருத்துவம், ஆவணம், கட்டாய வகுப்பு. தலைவர்களைத் தனியாக அழைத்துப் போய் மைதானத்தில் மண்ணில் கோடு போட்டு, இதே தாக்குதலை அவர்களே ஆட்களாக நடித்துச் செய்யட்டும். அப்புறம் ஒவ்வொரு வார இறுதிக்கும் முன்னால் வெள்ளி மாலை இரண்டு மணி நேரம் அவர்கள் வந்தால் சனிக்கிழமை காலை தானாக ஓடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் ஊதியம் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.

வருகையைப் பற்றி. ஆட்கள் வராததற்குத் திட்டமே ஒரு காரணம் என்பதைக் கமாண்டர்கள் ஒத்துக்கொள்ள விரும்புவதில்லை. சனிக்கிழமை முழுக்க வரிசையில் நின்றவன் அடுத்த மாதம் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வருவானா? இன்னொன்று, தேதிகள். ஆண்டு முழுவதற்குமான தேதிகளை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், கொடுத்தபின் மாற்றாதீர்கள். பின்லாந்தில் மறுபயிற்சிக்கு அழைப்பதாக இருந்தால், சாதாரண காலத்தில் குறைந்தது மூன்று மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ஆளும் அவருடைய முதலாளியும் வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள அந்த இடைவெளி தேவைப்படுகிறது. தேதி மாறினால் ஷிப்டில் இருப்பவர் அந்தத் தடவை மட்டும் விடுபட மாட்டார், அடுத்த முறை அவருடைய சூப்பர்வைசர் உங்கள் கடிதத்தையே நம்ப மாட்டார்.

பன்னிரண்டு வார இறுதியும் ஒரே முக்கியத்துவம் என்று நடிக்க வேண்டாம். சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்தவர்களை ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை அழைக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அப்படி இழுப்பதில்லை. பத்தாண்டுச் சுழற்சியில் பெரிய அழைப்பு, சிறிய அழைப்பு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆண்டுக்குள்ளேயும் அப்படிப் பிரிக்கலாம். மூன்று வார இறுதிகளைப் பெரியவை என்று அறிவியுங்கள்: ஆண்டுத் துப்பாக்கிச் சுடுதல், செக்ஷன் அளவு நிஜத் தோட்டா, முகாமுக்கு முந்தைய பிளாட்டூன் ஒத்திகை. இந்த மூன்றுக்கும் விலக்கு கேட்டால் கமாண்டரே நேரில் பேசட்டும். மற்ற ஒன்பதில் ஒவ்வொன்றும் தனியாக முழுமையாக நிற்க வேண்டும், போன மாதம் வராதவர் இந்த மாதம் வந்தால் வேடிக்கை பார்க்க நேரக்கூடாது. விடுபட்டவர்களுக்கு ஆண்டில் இரண்டு தடவை ஈடுகட்டும் நாள் வைத்து, அதை நடத்தும் வேலையை ஏதாவது ஒரு பிளாட்டூன் சார்ஜென்ட்டிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மாத நாட்களைச் சேர்த்து நான்கு நாளாகச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், பலரும் கேட்பார்கள். துப்பாக்கிச் சுடுதலுக்கும் களத்தில் இரவு தங்கும் பயிற்சிக்கும் நல்லது, போகவரும் நேரம் ஒரு தடவைதான் கழியும். ஆனால் வெள்ளியும் திங்களும் வேலையிடத்திலிருந்து விடுப்பு வேண்டும், குழந்தைகள் உள்ளவர்களுக்கு நான்கு நாள் என்பது இரண்டு நாளின் இரட்டிப்பு அல்ல, அதைவிட அதிகம். ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த மாதத்துக்கு அடுத்த மாதம் நிஜமாகவே காலியாக இருக்கட்டும், "சும்மா அரை நாள் மட்டும்" என்று அழைக்காதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் நடக்கும் பரிசீலனைக்கு அரை மணி நேரம் அட்டவணையிலேயே எழுதுங்கள், இருட்டுகிறது என்று வெட்டப்படும் முதல் விஷயம் அதுதான். அதிகாரி பேசக் கூடாது, ஆட்கள் பேச வேண்டும்.

கமாண்டரிடம் போகும்போது முப்பது கட்டம் போட்ட அட்டவணையைக் கொண்டு போகாதீர்கள். ஒரே பக்கம் போதும்: செக்ஷனைப் பின்தொடர்ந்து எழுதிய நோட்டின் கணக்கு, வருகைக் கணக்கு, வெட்டச் சொல்லும் தலைப்புகள், இந்த ஆண்டு இலக்கு, அடுத்த ஆண்டு அவருடைய இரவுத் தாக்குதலுக்குப் போகும் படிகள். அவர் அப்படியும் இந்த ஆண்டே வேண்டும் என்றால், அதற்கு முன் எந்தெந்தப் படியில் யார் யார் தேறியிருக்க வேண்டும் என்று எழுதி, தேறவில்லையென்றால் பகலுக்கோ வெற்றுத் தோட்டாவுக்கோ மாறிவிடுவோம் என்பதற்கு அவர் கையெழுத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். முகாமின் பன்னிரண்டாம் நாள் இரவு, மேலதிகாரிகள் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும்போது, அந்த முடிவை எவரும் எடுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு பாக்கி இருக்கிறது. துப்பாக்கிச் சுடும் தளத்தைப் பதிவு செய்யவும் தோட்டா ஒதுக்கீடு கேட்கவும் கடைசித் தேதி என்ன என்று சாமான்களுக்குப் பொறுப்பான உங்கள் குவார்ட்டர்மாஸ்டரிடமும் தள அலுவலகத்திலும் விசாரியுங்கள். பல இடங்களில் அது நீங்கள் நினைப்பதைவிட மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும். தளத்தின் தேதி கிடைத்தபின்தான் அந்த மூன்று பெரிய வார இறுதிகளை நாட்காட்டியில் குறிக்க முடியும், மற்ற மாதங்கள் அவற்றைச் சுற்றித்தான் வரும்.